சமையலறையில் வாங்கிய மூன்றாவது டான்

எங்கள் வீட்டுப் பீரோவின் மேல்தட்டில், பழைய போர்வைக்கு அடியில், ஒரு சான்றிதழ் கிடக்கிறது. கெட்டி அட்டை, தங்க எழுத்து, நடுவில் சீறும் புலி. கராத்தேவில் நான் மூன்றாவது டான் கறுப்பு பெல்ட் என்று அது சொல்கிறது. அந்தப் பட்டத்தை நான் வாங்கிய இடம் எங்கள் சமையலறை. கேஸ் சிலிண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே, கை வீசினால் தாளிப்புக் கரண்டி விழுகிற இடைவெளி. எதிரில் தேர்வாளர் என்று யாரும் இல்லை. இட்லிப் பானைமேல் சாய்த்து வைத்த என் கைப்பேசிதான் இருந்தது.

என்னிடமிருந்து கிளாஸை வாங்கி நடத்துகிற நீங்கள்தான் கேட்டீர்கள், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மாஸ்டர், புதுசா வர்ற இன்ஸ்ட்ரக்டருங்களுக்கு உதவும்" என்று. நான் கையால் ஓடு உடைத்த கதைகளை எதிர்பார்த்திருப்பீர்கள். நன்றாகக் காய்ந்த ஓடு யார் அடித்தாலும் உடையும். அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகு யோசித்துப் பார்த்தால், இத்தனை வருடத் தொழிலில் உங்களுக்குப் பிரயோசனப்படக்கூடிய கதை ஒன்றே ஒன்றுதான் தேறுகிறது. துரதிர்ஷ்டவசமாக, அதில் நான் அடி வாங்குகிறவன்.

முதலில் என் நிஜப் பட்டம். நான் முதல் டான், அதாவது கறுப்பு பெல்ட்டின் முதல் படி. அரக்கோணத்தில் ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவரிடம் கற்றேன். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோதே போர்டு வைத்துக்கொள்ளாதவர். கறுப்பு பெல்ட்டுக்கு நான் முதல்முறை நின்றபோது அவர் என்னை ஃபெயிலாக்கினார். எனக்குத் தெரிந்தவரை ஒரு அடிகூடத் தவறவில்லை. ஊர் திரும்ப ரயிலுக்கு நின்றிருந்தபோது காரணம் கேட்டேன்.

"ஒவ்வொரு குத்துக்கு அப்புறமும் என்னைப் பாத்த. உன்ன அடிக்க வந்தவன் நானா?" என்றார். ரயில் வந்தது. ஏறிக்கொண்டேன்.

அடுத்தமுறை அவரைப் பார்க்கவில்லை. பாஸ். அந்தக் கதையை முப்பது வருடங்களாக நான் மாணவர்களிடம் சொல்லி வந்தேன். ஒருவர்கூட அசந்ததில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் புதிதாக ஒரு கிளாஸ் முளைத்து, ஃபிளெக்ஸ் போர்டில் ஒருவர் காலை விரித்துக் காற்றில் பறந்து, கீழே 'ஐந்தாவது டான்' என்று போட்டதும் ஊரே அசந்துபோனது. அவருக்கு வயது இருபத்தெட்டு இருக்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டிலிலேயே ஆரம்பித்திருந்தால்தான் முடியும்.

என் கிளாஸில் ஒரு பையனின் அப்பா வந்தார். நகைக்கடை வைத்திருப்பவர்.

"அங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு பெல்ட்டாம் மாஸ்டர். நீங்க இன்னாடான்னா வருஷமா என் புள்ளைய மஞ்சள்லயே வெச்சிகினு இருக்கீங்க."

"கால தூக்கினா கீழ வுழறான் இன்னும்."

"வுழறத நான் பாத்துக்கறேன். நீங்க பெல்ட்ட குடுங்க."

கொடுக்கவில்லை. பையன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். அவனைத் தொடர்ந்து இன்னும் சிலர். பள்ளி மைதானத்தில், கோயில் மலையைப் பார்த்தபடி நாங்கள் நிற்கும் வரிசை மாதாமாதம் சுருங்கியது. எனக்கு ராத்தூக்கம் போயிற்று. எழுந்து உட்கார்ந்து, அந்த ஐந்தாவது டானை மனதுக்குள் பலவிதமாக வீழ்த்துவேன். பகலில் அவர் கிளாஸ் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல நடப்பேன். தத்துவப் புத்தகங்கள் நிறையப் படித்தவன் நான். பொறாமை வரும் நேரத்தில் அவையெல்லாம் அலமாரியிலேயே இருந்துகொள்கின்றன.

ஊரடங்குக் காலம் வந்தது. மைதானம் மூடிக் கிடந்தது. கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது: வீட்டிலிருந்தே கறுப்பு பெல்ட், உயர்நிலை டான்களும் உண்டு, பன்னிரண்டு பாடங்கள், கடைசியில் நீங்களே வீடியோ எடுத்து அனுப்பினால் போதும். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பணம் கட்டினேன்.

தேர்வுக்கு ஒரு பெரிய கட்டா கற்க வேண்டும். கட்டா என்றால், இந்தத் தாள் வெளியார் கைக்குப் போனால் தெரியட்டும் என்று சொல்கிறேன், எதிரில் ஆள் இல்லாமல் பல ஆட்களோடு சண்டை போடுவது. எந்தக் கை, எந்தப் பக்கம் திரும்பல், எல்லாம் வரிசை மாறாமல் வர வேண்டும். வீடியோவில் ஒரு வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்து நின்றபடி செய்து காட்டினார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. நாம் சின்னப் பிள்ளைகள் எதிரில் நின்று சொல்லித்தரும்போது என்ன செய்வோம்? "வலது கை" என்று சொல்லிவிட்டு நம்முடைய இடது கையைத் தூக்குவோம். அவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்துச் செய்யட்டும் என்று. முப்பது வருடம் அப்படியே செய்த எனக்கு, இந்த வெளிநாட்டுக்காரரும் அப்படித்தான் செய்கிறார் என்பதில் சந்தேகமே வரவில்லை. ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை அல்லவா! அவர் இடது கையைத் தூக்கினார். நான் வலது கையைத் தூக்கினேன்.

அவருக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. அவர் பாட்டுக்கு இடது கையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தார்.

என் மனைவி எஸ்தர் மிஷன் பள்ளியில் டீச்சர். சமையலறை வாசலில் மாவுப் பாத்திரத்தோடு நிற்பாள்.

"இன்னாங்க, இட்லி ஊத்தணும். உங்க எதிரிங்கள கொஞ்சம் ஹாலுக்குக் கூட்டிகினு போங்க."

"ஹால்ல சிக்னல் இல்ல."

"அவங்களுக்கு எதுக்கு சிக்னல்?"

கடைசியில் செல்ஃபி கேமராவில் என்னையே எடுத்தேன். எஸ்தர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சுவத்துல கேலண்டர் எழுத்தெல்லாம் திரும்பிகினு இருக்குது பாருங்க" என்றாள். கண்ணாடியில் தெரிவதுபோல வலது இடதாகப் பதிவாகியிருந்தது. "வெள்ளக்காரனுக்குத் தமிழ் எழுத்து நேரா இருந்தா இன்னா, திரும்பி இருந்தா இன்னா?" என்றேன். அது உண்மைதான். நான் தலைகீழாகக் கற்றதை கேமரா மறுபடி தலைகீழாக்கி, மிகச் சரியாக அங்கே கொண்டு சேர்த்தது. கூரியரில் புலி வந்தது. கூடவே மூன்று தங்கக் கோடு போட்ட கறுப்பு பெல்ட்.

இனி சுமதி.

சுமதி அம்மையார்குப்பத்துப் பெண். வயது முப்பதைத் தாண்டியவள். பவர்லூம் ஷெட்டில் வேலை. தன் மகளைக் கிளாஸில் விட வந்தவள். மகள் ஒரே மாதத்தில் அழுதுகொண்டு நின்றுவிட்டாள், அம்மா நிற்கவில்லை. தறிச் சத்தத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் எப்போதும் உரக்கத்தான் பேசுவாள். மைதானத்துக்கு வெளியே போகிற மொட்டைத் தலைக் குடும்பங்கள்கூடத் திரும்பிப் பார்க்கும். வருடக்கணக்காக வந்தாள். கறுப்புக்கு முந்தின பழுப்பு பெல்ட்வரை வந்தபோது திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கராத்தே டீச்சர் வேலை காலியாயிற்று. பள்ளி திறப்பதற்குள் கறுப்பு பெல்ட் சான்றிதழ் கொண்டுவந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். காது மரத்துப்போகும் ஷெட்டிலிருந்து வெளியே வர அவளுக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான்.

அவளுக்கு ஒரு பழைய கட்டா அற்புதமாக வரும். என் ஆசிரியரிடமிருந்து எனக்கு வந்து, என்னிடமிருந்து அவளுக்குப் போனது. அதைப் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸாகியிருப்பாள். ஆனால் அது பார்க்கச் சாதுவானது. மூன்றாவது டானிடம் படித்தவள் மூன்றாவது டான் கட்டா போட வேண்டாமா? "அத வுட்டுடும்மா, இதப் போடு" என்றேன். தை மாதத்திலிருந்து என் சமையலறைக் கட்டாவை அவளுக்கு ஏற்றினேன்.

கிரேடிங், அதாவது பெல்ட் தேர்வு, நடந்தது வைகாசியில், மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு என்பதால் மண்டபம் கிடைத்தது. முந்தின கல்யாணத்தின் தெர்மோகோல் இதயம் மேடையில் அப்படியே இருந்தது. அதன் கீழே மேஜை. வேலூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அம்மா. வங்கியில் வேலை, அதிகம் பேசாதவர், இரண்டாவது டான். எல்லாரும் பட்ட வரிசைப்படி நின்றோம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் தொழிலில் ஒருவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் அவன் முகவரி. அன்றுதான் முதல்முறையாக நான் வரிசையின் தலையில் நின்றேன். தேர்வாளர் அம்மா என் பெல்ட்டின் மூன்று கோடுகளைப் பார்த்தார். தலை குனிந்து வணங்கினார். மேஜையில் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த சுகம் அரைமணி நேரம் நீடித்தது.

தேர்வுக்கு நிற்பவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் காத்திருப்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் முதலில் வந்தார். அவர் எடுத்ததும் அதே பெரிய கட்டா. ஆரம்பித்ததுமே தப்பான பக்கம் திரும்பினார். ஐயோ பாவம் என்று நினைத்தேன். அடுத்த அடியும் தப்பு. அதற்கடுத்ததும். இந்த மனிதருக்குக் கற்றுத்தந்த ஆசிரியரை நினைத்து மனம் வருந்தினேன். அவர் முடித்ததும் தேர்வாளர் அம்மா திருப்தியாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார். இரண்டாவதாக, வேறு ஊரிலிருந்து வந்த பெண்ணும் அதே கட்டா. அதே பக்கம் திரும்பினாள்.

இரண்டு ஊர், இரண்டு ஆசிரியர், ஒரே தவறு. இருக்க முடியாது. மேஜைக்கு அடியில் என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. கையால் அழுத்திப் பிடித்தேன். இடது கால் ஆடியது. எனக்குள் அந்தச் சமையலறை முழுவதும் ஒருமுறை மெதுவாகத் திரும்பி, கேலண்டரின் எழுத்து நேரானது.

"அடுத்து, சுமதி" என்றார் தேர்வாளர்.

நிறுத்தியிருக்கலாம். ஒரு நிமிடம் என்று கையைத் தூக்கியிருந்தால் போதும். கை காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சுமதி வந்து நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு திருப்பமும் கத்தரித்த மாதிரி. ஒவ்வொரு குத்தும் தறியின் அடிபோல் விழுந்தது. எல்லாம் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கண் ஓரத்தால் என்னைப் பார்த்துக்கொண்டாள். சுவர் ஓரமாக நின்று அவள் கணவன் வெங்கடேசன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

முடித்தாள். தேர்வாளர் அம்மா பேனாவை மேஜையில் வைத்தார்.

"மாஸ்டர், இவங்க எல்லாத்தையும் பக்கம் மாத்திப் போடறாங்களே?"

என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது. "எங்க வழியில இப்படித்தாங்க மேடம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைப் பார்த்தார். "அப்படிங்களா. நீங்க சீனியர். எனக்குத் தெரியாம இருக்கலாம்" என்று சொல்லி, பாஸ் என்று எழுதினார்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. ஒருவருக்கும் நஷ்டமில்லை. சுமதிக்கு வேலை. எனக்கு மானம். மாலையில் சான்றிதழ் கொடுத்ததும் எல்லாரும் ரயில் பிடிக்கலாம். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தேன். மணமகள் அறைக்குப் போனேன், வந்தேன். எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன், மடித்தேன். வாசலுக்குப் போனேன். காவடிக் கூட்டம் ஒன்று அரோகரா போட்டுக்கொண்டு மலைக்குப் போனது. வெயிலில் வெறுங்காலோடு ஏறப்போகிறவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே திரும்பினேன்.

கை கழுவும் இடத்தில் சுமதி பிடித்தாள். கையில் லட்டு டப்பா.

"மாஸ்டர், வாயத் தொறங்க!"

"சாப்பிட்டுட்டேம்மா."

"ஒண்ணுதான். பாவா இப்பத்தான் ஓடிப்போய் வாங்கியாந்தாரு." கணவனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள். என் கையில் ஒரு லட்டை வைத்தாள். "மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். அந்தம்மா கேட்டப்போ 'எங்க வழி'ன்னு சொன்னீங்களே, அதுக்குப் பேரு இன்னா? ஸ்கூல்ல கேட்டா சொல்லணுமே."

"அது வந்து... பழைய வழிம்மா. ஜப்பான் பக்கம் ஒரு சின்னத் தீவுல..."

"எந்தத் தீவு?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வந்தது அந்த நொடியில்தான். பதில் தெரியாததால் இல்லை. பதில் வந்துகொண்டே இருந்ததால். அந்தத் தீவில் ஒரு மீனவர் இருந்தார். இடது கைப் பழக்கம். ஒரு கண் தெரியாது. அவருக்கு ஒரு சீடர். படித்த மூளை எவ்வளவு சுறுசுறுப்பாகப் பொய் சொல்கிறது என்று பார்த்தபடி நின்றேன். இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்தால் அவருக்குக் கல்லறையே கட்டியிருப்பேன்.

"தீவு எதுவும் இல்லம்மா" என்றேன். சொல்லிவிட்டேன். கைப்பேசி, இட்லிப் பானை, செல்ஃபி, எல்லாம்.

சுமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவான குரலில் பேசினாள்.

"அப்போ காலையில நான் போட்டது?"

"தப்பு. முழுக்கத் தப்பு. ரொம்ப நல்லா போட்ட தப்பு."

"மாசி மாசமே கேட்டேன் மாஸ்டர். யூட்யூப்ல வேற பக்கம் திரும்பறாங்களேன்னு. இன்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா?"

"இல்லம்மா."

"'யாரு மூணாவது டான், நீயா நானா'ன்னீங்க." என் கையிலிருந்த லட்டை எடுத்து டப்பாவில் திரும்ப வைத்து மூடினாள். "என் பழைய கட்டாவையும் வுட வெச்சீங்க. இப்போ எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க? சொல்லாம இருந்திருந்தா நிம்மதியா போயிருப்பேனே!"

"இப்பவும் போலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே! இப்போ தெரிய வெச்சிட்டீங்களே!" குரல் பழையபடி உயர்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "நாளைக்கு ஸ்கூல்ல ஒரு புள்ள, 'இன்னா மிஸ் நீங்க வேற பக்கம் திரும்பறீங்க'ன்னு கேக்கும். நானும் 'யாரு பிளாக் பெல்ட், நீயா நானா'ன்னு கேக்கணும். அதானே?"

ஓடிக்கொண்டிருந்த குழாயை நான் மூடினேன்.

"போய் சொல்லுங்க மாஸ்டர் அந்தம்மாகிட்ட. நான் போய் சொன்னா வாத்தியார மாட்டி வுட்டவன்னு பேராயிடும். நீங்களே போங்க."

"அவங்க ஃபெயில் போட்டுட்டா? வேலை?"

"போங்க மாஸ்டர்" என்றாள். என்னைப் பார்க்காமல்.

தேர்வாளர் அம்மா மேடை ஓரத்தில் டிபன் டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"மூணாவது டான் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"சமையல்கட்டுல மேடம்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன். சிரிக்கவில்லை. ஸ்பூனை வைத்தார்.

"ரெண்டாவது டானுக்கு நான் நாலு தடவ ஃபெயில் ஆனேன் சார்." மாஸ்டராக இருந்த நான் இப்போது சார் ஆகிவிட்டிருந்தேன். "நாலாவது தடவ என் பொண்ணுக்குக் காய்ச்சல். விட்டுட்டுப் போனேன். ஃபெயில். காலையில உங்க பெல்ட்டப் பாத்து நான் தலை குனிஞ்சேன். அத எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

இத்தனை வருடத்தில் நான் வாங்கிய அடிகளில் நேராக உள்ளே இறங்கியது அதுதான். தடுக்கத் தெரியவில்லை.

டப்பாவை மூடிவிட்டு அவர் சொன்னார்: "தப்பு சொல்லிக்குடுத்தவரோடதுன்னா அதை வரிசையில நின்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும். அப்புறம் அவங்களுக்கு இன்னொரு கட்டா போட சான்ஸ் தர்றேன். ஒரே ஒரு தடவதான். அது சரியில்லன்னா ஃபெயில்தான்."

மறுபடி எல்லாரும் வரிசையில் நின்றோம். நான் வரிசையின் தலையிலிருந்து வெளியே வந்து சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதைவிடச் சுருக்கமாகவே வந்தது. பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல், "இன்னா சொல்றாரு?" என்றது. இன்னொரு குரல், "மாஸ்டரு டூப்ளிகேட்டாம்" என்று மொழிபெயர்த்தது.

கோடு போட்ட பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். என் பழைய பெல்ட் வீட்டில் இருந்தது. பெல்ட் இல்லாவிட்டால் கராத்தே சட்டை திறந்துகொள்ளும். ஒரு கையால் அதை மூடிப் பிடித்தபடி, வரிசையில் என் நிஜ இடத்தைத் தேடிப் போனேன். தேர்வாளர் அம்மா தன் பையைத் துழாவி ஒரு பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். இருந்தது அது ஒன்றுதான். வெள்ளை. கட்டிக்கொண்டு, நேற்றுச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

சுமதி நடுவில் வந்து நின்றாள்.

பழைய கட்டா. தையிலிருந்து தொடாதது. அதை விடச் சொன்னவன் நான். ஆரம்பித்தாள். முதல் பகுதியில் தடுமாற்றமில்லை. இரண்டாவதில் புதிய கட்டாவின் வேகம் வந்து ஒட்டிக்கொண்டது, உதறினாள். பாதி தாண்டி, சுவர்ப் பக்கம் திரும்பிய இடத்தில், நின்றுவிட்டாள்.

கை பாதி உயர்ந்தபடி அப்படியே நின்றாள். மறந்துவிட்டது. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். என் இடது கால் வெள்ளை பெல்ட் பிள்ளைகளுக்கு நடுவே தானாக முன்னால் நகரப் பார்த்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தால் போதும், கண்ணாலேயே சொல்லிவிடுவேன். அவள் பார்க்கவில்லை. வெளியே காவடிக் கூட்டத்தின் உடுக்கைச் சத்தம் வந்து, தேய்ந்து, போயிற்று. அதற்குள் பள்ளிக்கூட வேலை போய், மறுபடி ஷெட்டில் அவள் நிற்பதுவரை நான் பார்த்துவிட்டேன்.

சுமதி மூச்சை இழுத்தாள். இடது காலை முன்னால் வைத்தாள். கட்டா தொடர்ந்தது. கடைசி அடிக்கு அவள் போட்ட கத்தலில் மேடைத் தெர்மோகோல் இதயம் ஒரு பக்கம் சாய்ந்தது. முடித்தபோதும் என் பக்கம் திரும்பவில்லை. காலையில் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் என்னைப் பார்த்தவள். கோபம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். கோபத்துக்குக் கிரேடிங்கில் மதிப்பெண் இல்லை. ஆனால் அரக்கோணத்து மனிதர் அன்று இருந்திருந்தால் தலையசைத்திருப்பார்.

"நடுவுல நின்னுட்டீங்க" என்றார் தேர்வாளர்.

"ஆங். மறந்துட்டேன் மேடம்."

"சும்மா ரெண்டு கைய வீசி ஒப்பேத்தியிருக்கலாம். அந்தக் கட்டா எனக்கு அவ்வளவு பழக்கமில்ல. கவனிச்சிருக்க மாட்டேன்."

சுமதி யோசித்தாள். "வேற ஏதாச்சும் போட்டா அது வேற கட்டாவாயிடுமே மேடம்."

தேர்வாளர் அம்மா காலையில் எழுதிய பாஸை அடித்தார். அதற்குக் கீழே மறுபடி பாஸ் என்று எழுதினார். அடித்ததும் எழுதியதும் ஒரே மையில்தான். ஆனால் அந்த இரண்டாவது பாஸைப் பார்த்த பிறகுதான் என் கால்கள் ஆடுவதை நிறுத்தின.

ஜூனில் சுமதி அந்தப் பள்ளியில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான். என்னோடு பேசாமல் இருந்தது ஆடிக்கிருத்திகைவரை. அதற்குமேல் உரக்கப் பேசுகிற ஆளால் பேசாமல் இருக்க முடியாது. இரண்டாவது டானுக்கு நான் ஒழுங்காகப் பயிற்சி எடுத்து, இரண்டுமுறை நின்று, இரண்டுமுறையும் ஃபெயிலாகி, தேய்ந்த முழங்காலோடு ஓய்வு பெற்றேன். முதல் டானாகவே இறங்கினேன். பஸ் ஸ்டாண்ட் ஐந்தாவது டான் இப்போது ஆறாவது டான். நல்லா இருக்கட்டும்.

உங்களிடம் ஒரு அப்பா வந்து பெல்ட் கேட்பார். நாளைக்கே வருவார். கொடுக்காமல் இருப்பது கஷ்டமில்லை. நானும் அப்படி ஒருவருக்குக் கொடுக்காதவன்தான். அவர் போன பிறகு, உங்களுக்கே ஒரு பெல்ட் வேண்டும் என்று தோன்றும். அப்போது கைப்பேசியை இட்லிப் பானைமேல் வைக்காதீர்கள். உங்களுக்கு மேலே ஒருவர், உங்களைப் பார்த்து "தப்பு" என்று சொல்லக்கூடிய உயிருள்ள ஒருவர், எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். மேலே ஏறிவிட்டவனுக்குக் காதுதான் கேட்பதில்லை.

அன்று மாலை மண்டபத்திலிருந்து வெளியே வந்தேன். வெள்ளை பெல்ட் இன்னும் இடுப்பில் இருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். மனதுக்குள் என்னைப் பற்றி ஒரு நல்ல எண்ணம் மெல்ல எட்டிப்பார்த்தது. உண்மையைச் சொன்னவன், பட்டத்தைத் துறந்தவன் என்ற ரீதியில். வெங்கடேசன் பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் நின்றிருந்தான். சுமதி வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்கிற மாதிரி அருகே வந்தான்.

"மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. ரெண்டையும் வீடியோ எடுத்தேன். எது சரி எது தப்புன்னு எனக்கு இன்னா தெரியும்? ஆனா காலையில போட்டதுதான் மாஸ்டர் பாக்க சூப்பரா இருந்துச்சு. அதத்தான் ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கேன். உங்க பேரையும் போட்டுட்டேன், மூணாவது டான்னு."